47 விநாடிப் பாட்டு

எனக்குக் கிட்டார் வராது. ட்ரம்ஸ் வராது. குரலைப் பற்றிப் பேசவே வேண்டாம், பாடசாலையில் தேவாரம் படிக்கும்போதே என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் நாலு பெடியன்கள் வைத்திருந்த ஒரு ரொக் பேண்டில் என் வேலை வயர் சுற்றுவது.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கிட்டார் வயரை முழங்கையில் மாட்டி, கொடிக்கயிறு சுற்றுவதுபோலச் சுற்றினால் சில மாதத்தில் உள்ளே செம்பு முறுகி அறுந்துவிடும். ஒரு வளையத்தை உள்பக்கமாகவும் அடுத்ததை வெளிப்பக்கமாகவும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்போதுதான் வயர் தன்பாட்டில் அடங்கிக் கிடக்கும், எடுத்து வீசினால் முடிச்சு விழாமல் நீளும். இதைச் சொல்லித் தந்தவர் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற கொட்டாஞ்சேனை அண்ணை ஒருவர். இன்றைக்கும் வீட்டில் அயன்பொக்ஸ் வயரை அப்படித்தான் சுற்றி வைக்கிறேன். மனைவி சிரிப்பாள்.

பேண்டின் பெயரை எழுதப்போவதில்லை. நால்வரில் ஒருவன் இப்போது வங்கியில் பெரிய ஆள். இன்னொருவன், “பிள்ளையள் தேடிப் பார்க்குங்கள் மச்சான், வேண்டாம்” என்றான். பெயர் தெரிந்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. 2006 முதல் 2009 வரை இருந்தார்கள். மொத்தம் 11 மேடை, 7 பாட்டு உள்ள ஒரு சீடி. அந்த 7 பாட்டும் சேர்ந்து 9 நிமிடம்.

ஒன்பது நிமிடத்தில் ஏழு பாட்டா என்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் பங்க் என்ற முரட்டு ரொக் கிளம்பியது. சில வருடத்தில் அதுவும் கம்பனிச் சரக்காகிவிட்டது என்று கடுப்பான அமெரிக்கப் பெடியன்கள், 1980 வாக்கில் அதையே எடுத்து இரட்டை வேகமாக்கி, பாதி நீளமாக்கி, பாட்டைக் கத்தலாக்கினார்கள். அதுதான் ஹார்ட்கோர். கலிபோர்னியாவில் பிளாக் ஃபிளாக், வோஷிங்டனில் மைனர் திரெட், பேட் பிரெய்ன்ஸ். கிட்டாரில் நீண்ட தனி ஆவர்த்தனம் கிடையாது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். ஒன்றரை நிமிடம் போனால் அது நீளமான பாட்டு.

இதில் எங்களைப் பிடித்து இழுத்தது பேட் பிரெய்ன்ஸ். முதலில் ஜாஸ் கலந்த இசை வாசித்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெடியன்கள். 1982இல் அவர்களுடைய முதல் ஆல்பம் கசெட்டாக மட்டும் வந்தது. அட்டையில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தின் கூரையில் மின்னல் விழுகிறது. வெள்ளவத்தை நெட் கஃபே ஒன்றில் அவர்களுடைய புகைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் பாடகன் திரையில் விரல் வைத்து, “டேய், எங்கட நிறம்” என்றான். அதுவரை ரொக் என்றால் தலைமுடி நீண்ட வெள்ளைக்காரன்தான் என்று ஒரு நினைப்பு. நினைப்பு மட்டும் இல்லை, கொழும்பிலும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கொழும்பில் அப்போது ரொக்கின் கனத்த வகையான மெட்டல்தான் ராஜா. ஸ்டிக்மாட்டா பேண்ட் 2003இலேயே ஆல்பம் போட்டுவிட்டார்கள். கண்டியிலிருந்து பரனோயிட் எர்த்லிங் வருவார்கள். டிஎன்எல் வானொலியைப் போட்டால் ரொக் கேட்கலாம். ஆட்கள் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. எங்கள் பெடியன்களைப் போன்றவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி கிடையாது. ஐந்து மெட்டல் பேண்ட் வாசிக்கிற மாலையில், பின்னேரம் நாலரைக்கு, ஹோலில் இன்னும் கதிரை அடுக்கிக்கொண்டிருக்கும்போது எங்களை ஏற்றிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம் என்பதால் யாருக்கும் தொல்லை இல்லை. ஒருமுறை அமைப்பாளர் ஒருவர், “சவுண்ட் செக் முடிஞ்சுதா, இனி வாசிக்கலாம்” என்றார். அவன்கள் வாசித்து முடித்திருந்தான்கள்.

நல்ல பேண்டா என்று கேட்டால், இல்லை. கிட்டார்க்காரனுக்கு மூன்று விரல்தான் வேலை செய்யும். பேஸ் வாசித்தவன் மலே பெடியன், ஸ்லேவ் ஐலண்ட் பக்கம். அவன் ஒருவனுக்குத்தான் இசை தெரியும், அதனால் எப்போதும் மனவருத்தத்தோடேயே இருப்பான். ட்ரம்மர் தெஹிவளைச் சிங்களப் பெடியன். பாடசாலை கிரிக்கெட் மட்ச்களில் பப்பரே வாசித்து வளர்ந்த கை அது. பப்பரே தெரியும்தானே? ட்ரம்பெட்டும் மேளமுமாக, பந்து போடுகிறவனைத் தவிர மைதானத்தில் எல்லாரையும் ஆட வைக்கிற சங்கதி. அந்தக் கையை எடுத்து இங்கிலாந்து டிஸ்சார்ஜ் பேண்டின் டி-பீட் தாளத்தில் விட்டால் என்ன வரும்? வேகம் சரியாக இருக்கும், ஆனால் நடுவில் எங்கேயோ ஒரு துள்ளல் நுழைந்துவிடும். மெட்டல்காரர் அதைப் பிழை என்றார்கள். எனக்கு அந்தப் பிழைதான் பிடிக்கும்.

என்னுடைய சின்னம்மா வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டார்க்காரன் அவருடைய வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு, பெடல் இல்லாமல், அம்ப் இல்லாமல், வெறும் கிட்டாரில் பவர் கோர்ட் போட்டுக் காட்டினான். சின்னம்மா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இது சும்மா ச-ப தானே தம்பி. எங்கட தம்புராவும் இதைத்தான் சொல்லுது” என்றார். பிறகு நானும் தேடிப் பார்த்தேன், உண்மைதான். பவர் கோர்ட்டில் இருப்பது ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டுமே. இடையில் காந்தாரம் இல்லாததால் அது சோகமும் இல்லை, சந்தோசமும் இல்லை. ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டோர்ஷன் பெடலைப் போட்டால் ஒலி நிறைய மேற்சுரங்களைக் கக்கும், காந்தாரமும் சேர்ந்தால் சேறாகிவிடும். அதனால்தான் இரண்டு சுரத்தோடு நிறுத்துகிறார்கள். கிட்டார்க்காரன் அன்றிலிருந்து தன்னைக் கர்நாடக சங்கீதக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பேஸ்காரன் இன்னும் வருத்தப்பட்டான்.

இனி, 2006 கொழும்பில் தமிழ்ப் பெடியனாக இருப்பது. 2002 பெப்ரவரியில் வந்த போர்நிறுத்தம் கடதாசியில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. 2008 ஜனவரியில் அந்தக் கடதாசியும் போனது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பொலிஸ் பதிவுப் படிவம் ஒன்றைப் பிரதி எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். யார் யார் இருக்கிறோம், எந்த ஊர், எப்போது வந்தோம் என்று. இரவில் கதவு தட்டினால் அதை எடுத்துக்கொண்டு போய்த்தான் திறப்பது. காலி வீதியில் எத்தனை சோதனைச் சாவடி என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வருவோம்.

அதைவிடப் பெரிய பழக்கம் ஒன்று இருந்தது, அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் ஃபோன் அடித்தால் குரல் தானாக இறங்கிவிடும். அம்மா எடுத்தால் “ம்”, “ஓம்”, “வாறன்”. மூன்று சொல்லுக்கு மேல் தமிழ் இருக்காது. கடையில் அப்பாவோடு நின்றால் விலையைக் காதுக்குள்தான் சொல்வோம். தமிழ் என்பது வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் முழுக் குரலில், தெருவில் அரைக் குரலில், பஸ்ஸில் கால் குரலில். அம்மா அப்பாவைப் பார்த்து வந்தது. மூச்சு விடுவதுபோலச் செய்துகொண்டிருந்தோம். நான் பதினெட்டு வயது வரை, பொது இடத்தில் ஒரு தமிழன் வயிற்றிலிருந்து கத்திக் கேட்டதே இல்லை. ஆடிவேல் விழாவில் அரோகரா கேட்டிருக்கிறேன், அது சாமிக்கு.

பாடகன் முதலில் ஆங்கிலத்தில்தான் பாடினான். எல்லாரும் அப்படித்தான். எழுதினதெல்லாம் கலிபோர்னியாக் கோபம். எங்களுக்கு ஸ்கேட்போர்ட் கிடையாது, வெள்ளைக்கார அப்பா கிடையாது, ஆனாலும் அதெல்லாவற்றிலும் கோபம். பிறகு யாரோ எரித்துத் தந்த சீடியில் சிகாகோ பேண்ட் லொஸ் குருடோஸ் வந்தது. 1991 முதல் 1998 வரை அமெரிக்காவில் இருந்துகொண்டே பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் பாடியவர்கள். எங்களுக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் அந்த ஆள் தன் தாய்மொழியில் கத்துகிறான் என்பது மட்டும் எப்படியோ விளங்கும். அடுத்த கிழமை பயிற்சிக்குப் பாடகன் ஒரு பழைய ரியூஷன் கொப்பியோடு வந்தான். பின்பக்கத்தில் எட்டு வரி.

இரண்டு பேர் கத்த வேண்டிய பாட்டு அது. ட்ரம்மர் சிங்களத்தில் கேட்பான், பாடகன் தமிழில் பதில் சொல்வான்.

“கொஹேத யன்னே?”
“வீட்டை!”
“கொஹே இந்தலத என்னே?”
“வீட்டையிருந்து!”
“ஐடென்டிட்டி?”
“இருக்கு!”
“மொகடத ஆவே?”
“பால்மா வாங்க!”

இவ்வளவுதான். எங்கே போகிறாய், எங்கேயிருந்து வருகிறாய், அடையாள அட்டை, எதற்கு வந்தாய். இரண்டாவது தடவை இன்னும் வேகம், மூன்றாவது தடவை சொல்லே பிரியாத வேகம். கடைசியில் ட்ரம்மர் ஒரு கேள்வி மட்டும் கேட்பான்: “நம?” பெயர் என்ன என்று. எல்லா வாத்தியமும் அந்த இடத்தில் வெட்டி நிற்கும். பதில் கிடையாது. பாடகன் மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். பாட்டு முடிந்தது. 47 விநாடி.

பெயரைச் சொன்னால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். அதை விளக்கத் தேவையில்லாத ஊர் அது.

முதல் தடவை மேடையில் வாசித்தபோது எனக்கு முழங்கால் ஆடியது. ஹோலில் நாற்பது, ஐம்பது பேர். முக்கால்வாசி சிங்களப் பெடியன்கள், கொஞ்சம் பறங்கியர், பணக்காரப் பகுதியான கொழும்பு ஏழிலிருந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிற கூட்டம் ஒன்று, மூலையில் எங்களைப்போல டியூஷன் பையோடு ஐந்தாறு தமிழர். முதல் கேள்வியைக் கேட்டதும் முன்னால் நின்ற சிங்களப் பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களையும் மறிக்கிறார்கள்தானே, நீளத் தலைமுடிக்கே மறிப்பார்கள். இரண்டாவது சுற்றில் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கேள்வியை அல்ல, பதிலை! “வீட்டை! இருக்கு! பால்மா!” என்று ஐம்பது பேர், பாதிப் பேருக்கு என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், வியர்வையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு. எனக்கு அதுவரை அப்படி ஒரு சத்தம் தெரியாது. நான் கையில் வைத்திருந்த வயரை முழங்கையில் சுற்றிவிட்டேன், பிழையாக.

சவுண்டுக்கு நின்றது நம் கொட்டாஞ்சேனை அண்ணைதான். எல்லாம் முடிந்து சாமான் ஏற்றும்போது வந்து, “தம்பி, சொல்லு ஒண்டும் விளங்கேல்லை. கெட்டி மேளம் மாதிரி இருந்தது” என்றார். நாங்கள் கேலி என்று நினைத்தோம். அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். தாலி கட்டுகிற நேரத்தில் தவில்காரர் ஏன் அப்படி அடிக்கிறார்? யாராவது தும்மினாலும், அழுதாலும், ஒரு கெட்ட சொல் விழுந்தாலும் மணமக்கள் காதில் படக்கூடாது என்பதற்குத்தான். மற்றச் சத்தத்தை மறைக்க ஒரு சத்தம். தன் வாழ்க்கையில் ஆயிரம் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிய மனிதர், அவருக்குத் தெரியும்.

கிட்டாரோடு பஸ்ஸில் போவது தனிக் கதை. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் கிட்டாருக்கும் ஒரு டிக்கட் கேட்பார், பகிடியாகவோ உண்மையாகவோ. சாவடியில் எல்லாரையும் இறக்கும்போது அந்த நீளப் பையைத்தான் முதலில் திறக்கச் சொல்வார்கள். உள்ளே கிட்டார் என்று கண்டதும் ஆமிக்காரப் பெடியனின் முகம் மாறிவிடும். அவனுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும், எந்த ஊரோ, எத்தனை மணி நேரமாக வெயிலில் நிற்கிறானோ. “வாசி பாப்பம்” என்பான். எங்கள் கிட்டார்க்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நிமிடக் கூச்சல், அம்ப் இல்லாவிட்டால் அது தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும். முதல் தடவை அதை வாசித்து, “உனக்கு வாசிக்கத் தெரியாது, இது உன்னுடையதுதானா?” என்ற விசாரணையில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு அவன் சோதனைச் சாவடிக்கென்றே பைலா என்ற ஆட்டப் பாட்டு ஒன்று பழகினான். ஆறெட்டுத் தாளம், மூன்று கோர்ட், சிரித்த முகம். பைலா கேட்டால் யாரும் பையைக் கிளற மாட்டார்கள். அவன் மேடையில் வாசித்ததைவிடச் சாவடியில் வாசித்தது அதிகம், அதுதான் அவனுக்கு நன்றாகவும் வரும்.

கையில் எக்ஸ் போட்டுக்கொண்டதும் ஒரு மடத்தனம். 1980இல் வோஷிங்டனின் டீன் ஐடில்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போனபோது, வயது காணாதவர்களுக்குத் தவறியும் மது கொடுக்காமலிருக்கக் கையில் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்களாம். அவர்கள் ஊருக்கு வந்து அதையே வழக்கமாக்கினார்கள். பிறகு அது குடிக்காதவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எங்களில் இரண்டு பேர் குடிப்பதில்லை, இரண்டு பேர் குடிக்கக் காசு இல்லாதவர்கள், ஆகவே நால்வருமே மார்க்கர் பேனையால் எக்ஸ் போட்டோம். அம்மா, “கையில என்ன பிள்ளை, ஆர் கீறினது?” என்று சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். அம்மா பரவாயில்லை. சாவடியில் ஒருவர் டோர்ச் அடித்து, புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எந்த இயக்கத்தின் அடையாளம்?” என்று கேட்டார். குடிக்காதவர்களின் இயக்கம் என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வது? ட்ரம்மர்தான் காப்பாற்றினான். பன்சலையில், அதாவது விகாரையில், சில் என்ற நோன்பு எடுக்கும்போது இப்படிப் போடுவோம் என்று வாய் கூசாமல் ஒரு பொய். அடுத்த நாளிலிருந்து எச்சில் தொட்டு அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். 376 பேர். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. எங்கள் ஒழுங்கை முனையிலும் ஒரு லொட்ஜ் இருந்தது. கட்டார் போக விசாவுக்காகக் காத்திருந்த ஓர் அண்ணை அங்கே தங்கியிருந்தவர், தினம் தேத்தண்ணிக் கடையில் பார்ப்பேன். அன்றைக்குக் கடையில் அவர் இல்லை. பிறகும் காணவில்லை. திரும்பி வந்தவர்களோடு வந்து வேறெங்கும் தங்கினாரோ தெரியாது.

அந்த மாதம்தான் சீடி வேலை. பாடல் பதிவு பயிற்சி அறையிலேயே, ஒரே மைக்கில். அறை என்பது தெஹிவளையில் ஒரு அங்கிள் வீட்டுப் பின்பக்க கராஜ். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், மழை பெய்தால் ஊறி ஒரு நாற்றம் வரும். அதுதான் எனக்குப் பங்க் நாற்றம். அட்டைப் படத்துக்குப் பாடகன் தன் வீட்டுப் பொலிஸ் பதிவுப் படிவத்தையே கொண்டுவந்தான். பெயர்களை மையால் அழித்துவிட்டுப் பிரதி எடுப்பது திட்டம். வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனுக்கு, அதாவது ஃபோட்டோகொப்பிக் கடைக்கு, போனோம். ஐயா படிவத்தை வாங்கிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடை வாசலைப் பார்த்தார். சத்தமில்லாமல் மடித்துத் திருப்பித் தந்தார். “தம்பியவை, உங்களுக்கு வேற படம் கிடைக்கேல்லையோ? எனக்குப் பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு இருக்கு.”

பாடகன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இயந்திரத்தின் மூடியைத் திறந்து, எக்ஸ் போட்ட கையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தான். புறங்கையில்தானே எக்ஸ், அதனால் உள்ளங்கைதான் விழுந்தது. பச்சை வெளிச்சம் விரல்களுக்கு அடியால் ஊர்ந்து போனது. வெளியே வந்த தாளில் ஒரு கறுப்புக் கை, ரேகை எல்லாம் வெள்ளை வெள்ளையாக, விளிம்பில் தேய்ந்து. “கையை எடுங்கோ, கண்ணாடி வெடிக்கும்” என்று ஐயா கத்தினார். 60 பிரதி எடுத்தோம். காசு வாங்கும்போது, “இது நல்லாயிருக்கு” என்றார், மெல்ல.

இனிச் சொல்வது சந்தோசமான நினைவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது பொய்யாகிவிடும்.

2009 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பது தாண்டி, கராஜில் பயிற்சி. அந்த 47 விநாடியை வாசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கிட்டார் செத்தது, பேஸ் செத்தது, ட்ரம்ஸ் மட்டும் இருட்டில் இன்னும் நாலு அடி ஓடி நின்றது. அப்போதுதான் வெளியில் இருந்த சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமாக அடிக்கிறார்களோ, நாங்கள்தான் கேட்கவில்லை. வடக்குப் பக்கம் வானத்தில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அங்கிள் மெழுகுதிரியோடு வந்து, வெளியே வர வேண்டாம், உள்ளேயே இருங்கள் என்றார். புலிகளின் சிறு விமானங்கள் இரண்டு. ஒன்று நகர நடுவில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்கப் பக்கம் விழுந்தது. அதெல்லாம் காலையில் தெரிந்தது.

முட்டை அட்டைகளுக்கு நடுவில் ஒரு மெழுகுதிரி, ஐந்து பேர். ட்ரம்மரின் அண்ணா ஆமியில், வன்னியில் முன்னரங்கில் இருந்தார். பாடகனின் சித்தி இரண்டு பிள்ளைகளோடு புதுக்குடியிருப்புப் பக்கம் அகப்பட்டிருந்தார், ஒரு மாதமாகத் தொடர்பில்லை. ஒருவனுக்கு மற்றவனுடைய கதை தெரியும். ஆறு மாதமாகத் தெரியும், ஒருநாளும் அதைப் பேசினது கிடையாது. அன்றும் பேசவில்லை. ட்ரம்மர் குச்சியில் கழன்ற டேப்பைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான். பாடகன் மெழுகை நகத்தால் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்தான். நான் வயர் சுற்றினேன். எல்லா வயரையும் சுற்றிவிட்டு, திரும்ப அவிழ்த்து, இன்னொரு தடவை சுற்றினேன். பதினொரு மணிக்குப் பிறகு ட்ரம்மர் தன் அப்பாவின் வான் வண்டியில் எங்களை வெள்ளவத்தையில் கொண்டுவந்து விட்டான். வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். “கொஹேத யன்னே?” என்றார்கள். “கெதர” என்று ட்ரம்மர்தான் சொன்னான். வீட்டை.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவர்கள் வாசிக்கவில்லை. யாரும் தீர்மானம் எடுக்கவில்லை, பட்டியலில் வரவில்லை, அவ்வளவுதான். மே மாதம் போர் முடிந்த அன்று தெருவில் வெடி கொளுத்திக் கிரிபத் என்ற பாற்சோறு கொடுத்தார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தோம். ட்ரம்மரின் அண்ணா உயிரோடு வந்தார். சித்தியும் பிள்ளைகளும் செட்டிகுளம் மெனிக் ஃபாம் முகாமில் இருப்பதாக ஜூனில் தெரிய வந்தது. அந்த வருட முடிவில் கடைசி மேடை. இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் கிட்டார்க் கம்பி அறுந்தது, மாற்றுக் கம்பி கொண்டுவராதது என் பிழை. பாடகன் கனடாவுக்குப் போனான். மெல்ல மெல்ல எல்லாரும்.

2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் போராட்டம் நடந்தபோது ஒரு பின்னேரம் நானும் போய் நின்றேன். நடுவில் யாரோ தமிழில் கோசம் போட்டார்கள், பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளைகள் உச்சரிப்புத் தடுக்கத் தடுக்கத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு உடனே “பால்மா” ஞாபகம் வந்தது. அந்த வருடம் பால்மாவுக்கு உண்மையிலேயே வரிசையில் நின்றோம், அது வேறு கதை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகப் பாடகன் வந்திருந்தான். தலையில் முடி இல்லை, கொஞ்சம் வயிறு. பம்பலப்பிட்டியில் ஏறி வெள்ளவத்தை வரை பழைய ஆசைக்கு 100இல் வந்தோம். பஸ்ஸில் அவனுக்கு ஃபோன். மனைவி போல. “ஓமப்பா, சாப்பிட்டனான், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், இல்லையில்லை, இவனோடதான் நிக்கிறன்” என்று பஸ் முழுக்கக் கேட்கப் பேசினான். நான் என்னையறியாமல் சுற்றிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. முன்சீட்டில் ஒரு அம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

இறங்கி மரைன் டிரைவ் பக்கம் நடந்தோம். கோச்சி ஒன்று பாணந்துறைப் பக்கம் போனது, கதவெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு. அது போய் முடிந்ததும் கடல் சத்தம் மட்டும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கக் கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன், “கேளடா” என்றான்.

“என்ன கேக்கிறது?”

“அவன் இல்லைத்தானே. நீ கேள்.”

எனக்கு விளங்கியது. மூன்று வருடம் மேடைக்குப் பக்கத்தில் நின்றவன், ஒரு சொல் மறக்கவில்லை. பக்கத்துக் கல்லில் ஒரு சோடி குடைக்குள் இருந்தது. மீன் தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவர். நான் தொண்டையைச் செருமினேன்.

“கொஹேத யன்னே?”

அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

“கேக்கேல்லை மச்சான்.”